மொட்டை மாடிக்கு மேலே ட்ரோன் நின்றால் எந்த விதி கேட்கும்?

கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். முகூர்த்த நாளில், சாயந்திரம் துணி எடுக்க மாடிக்குப் போனால் தலைக்கு மேல் ஒன்று இரைந்துகொண்டே நிற்கும். அது மண்டப வாசலைப் படம் பிடிக்கிறதா, நம்மையா என்று கீழே நிற்பவருக்குத் தெரியவே தெரியாது. நைட்டியோடு வந்த பெண்கள் பாதித் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நம் ட்ரோன் விதிகள் கண்டுகொள்ளாத இடம் இதுதான்.

2021 ஆகஸ்ட் 25-ல் வந்த அந்த விதிகளை நான் வரவேற்றவன், இன்றும் வரவேற்கிறேன். 25 படிவங்கள் 5 ஆகின. 72 வகைக் கட்டணங்கள் 4 ஆகின. வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து வரைபடமே போட்டுவிட்டார்கள். பச்சைப் பகுதியில் 400 அடி வரை பறக்க யாரையும் கேட்க வேண்டாம். விமான நிலையச் சுவரிலிருந்து 5 முதல் 8 கிலோமீட்டருக்குள் என்றால் மஞ்சள். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேண்டும். சிவப்பு என்றால் மத்திய அரசைத்தான் கேட்க வேண்டும். விவசாயத்துக்கு மருந்தடிப்பவர்களுக்கும் நிலம் அளப்பவர்களுக்கும் இது பெரிய நிம்மதி.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் விமான நிலையம் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், ட்ரோன் என்ன எடை என்பதோடு நின்றுவிடுகிறது. 250 கிராமுக்கு உட்பட்டதென்றால் பைலட் சான்றிதழ் வேண்டாம், காப்பீடும் வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு பறக்கவிட்டாலும் அப்படித்தான். 2 கிலோ வரையிலான ட்ரோனைப் பொழுதுபோக்குக்குப் பறக்கவிட்டாலும் சான்றிதழ் தேவையில்லை. தொழிலுக்கு என்றால்தான் தேவை. கல்யாண வீடுகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்த 249 கிராம் ரகம்தான்.

எடை குறைவு என்பதால் ஆபத்து இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பேட்டரி இறங்கினாலோ சிக்னல் அறுந்தாலோ ட்ரோன் தானாகக் கிளம்பிய இடத்துக்கே திரும்பும். முன்கூட்டியே அமைத்து வைத்த உயரத்துக்கு ஏறி, நேர்கோட்டில் வரும். அந்த உயரத்தை எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் வைக்க மறந்தால் நேராகப் போய் அதில்தான் மோதும். பல சிறிய ட்ரோன்களுக்குப் பக்கவாட்டில் சென்சார் கிடையாது. சுழலும் இறக்கை விரலைக் கிழித்துவிடும். குழந்தையின் கண்ணில் பட்டால் என்ன ஆகும்?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாரதிய நியாய சம்ஹிதையின் 77-வது பிரிவு பெண்களை அந்தரங்கமான நிலையில் படம் பிடிப்பதைத் தண்டிக்கிறது. துணி எடுக்கிற பெண்ணைப் படம் பிடித்தால் அந்தப் பிரிவு பேசாது. ட்ரோன் விதிகளும் பேசாது. காவல் நிலையத்துக்குப் போனால் எந்தப் பிரிவில் எழுதுவது என்று அவர்களும் யோசிக்கத்தான் வேண்டும்.

இதற்காகக் கேமராக்காரர்களைத் திட்டுவதில் நியாயமில்லை. ட்ரோன் ஷாட் இல்லாத ஆல்பத்தை இன்று யாரும் ஏற்பதில்லை, அவர்கள் பிழைப்பு அது. நான் கேட்பது கொஞ்சம்தான். எடை எவ்வளவு இருந்தாலும், காசு வாங்கிப் பறக்கவிடுபவருக்கு ஒரு நாள் பயிற்சியாவது கட்டாயமாகட்டும். குடியிருப்புகளுக்கு மேல் இத்தனை அடிக்குக் கீழே நிற்கக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். மண்டபம் பதிவு செய்யும்போதே ட்ரோன் பறக்கும் நேரத்தை எழுதி வாங்கி, அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முதல் நாளே மண்டபத்தார் சொல்லிவிடட்டும். ஒரு எஸ்.பி. நினைத்தால் எந்த இடத்தையும் 96 மணி நேரத்துக்குச் சிவப்பாக்கிவிட முடிகிற நாட்டில், இது முடியாத காரியமா என்ன?

உங்கள் தெருவில் இப்படி நடக்கிறதா? யாரிடம் புகார் செய்தீர்கள், என்ன பதில் கிடைத்தது என்று கீழே எழுதுங்கள். சேர்த்து எங்கள் வார்டு கவுன்சிலரிடம் கொடுக்கப் போகிறேன்.