ஹியூநாம்-டோங் கடையின் கல்லாப்பெட்டி

ஹ்வாங் போரும் எழுதிய ஹியூநாம்-டோங் புத்தகக் கடை நாவலைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் காபி, ஜன்னலோரம், மனசுக்கு இதம் என்றுதான் போகிறது பேச்சு. கொரியாவில் இந்த வகைக்கு 'ஹீலிங் நாவல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இருக்கட்டும். ஆனால் இதமாக இருக்கிறது என்று மட்டும் படித்தால் பாதி நாவல் கைநழுவிப் போய்விடும். இது வேலையைப் பற்றிய நாவல். வேலையை உதறியவர்கள், வேலை கிடைக்காதவர்கள், வேலையில் ஏமாந்தவர்கள் வந்து உட்காரும் இடமாகத்தான் அந்தக் கடை இருக்கிறது. எழுதியவரே மென்பொருள் பொறியாளராக இருந்தவர்.

காபி போடும் மின்ஜுனைப் பாருங்கள். முதல் பொத்தானைச் சரியாகப் போட வேண்டும், இல்லையென்றால் சட்டை முழுக்கக் கோணிக்கொள்ளும் என்பது கொரியர்கள் வழக்கமாகச் சொல்வது. மின்ஜுன் பொத்தானில் குறை வைக்கவில்லை. நன்றாகப் படித்தான், மதிப்பெண் வாங்கினான். மாட்டப் போனால் சட்டையில் காஜாவே எடுக்கவில்லை! படித்துவிட்டு வேலையில்லாமல் நிற்கும் ஒரு தலைமுறையை இந்த ஒரு படிமத்தில் பிடித்துவிடுகிறார். ஜங்சோ இன்னொரு மாதிரி. ஒப்பந்த ஊழியராகவே ஓடித் தேய்ந்து, வெளியே வந்து, கடையின் மூலையில் உட்கார்ந்து நூல் பின்னுகிறாள். அதை 'அழகான காட்சி' என்று கடந்து போகிறவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது.

கடைக்காரி யங்ஜுவின் கவலை புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். கொரியாவில் புத்தகத்துக்குத் தள்ளுபடி வரம்பு சட்டத்திலேயே இருக்கிறது. 2014 நவம்பரிலிருந்து விலையில் 10 சதவீதம், புள்ளிகள் போன்ற சலுகையையும் சேர்த்தால் 15 சதவீதம், அதற்கு மேல் கூடாது. ஆன்லைன் கடைகள் அந்த வரம்பு வரை தாராளமாகக் கொடுக்கும். தெருக்கடையால் முடியாது. காரணம் கொள்முதல் விலை. சிறிய கடைக்குப் புத்தகம் பெரும்பாலும் அட்டை விலையில் 70 முதல் 75 சதவீதத்துக்குத்தான் வந்து சேரும். 15,000 வோன் புத்தகம் ஒன்று விற்றால் கையில் நிற்பது ஏறக்குறைய 4,000 வோன். நாவல் அச்சில் வந்த 2022இல் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 9,160 வோன். அதாவது ஓர் ஆளை 8 மணி நேரம் நிறுத்தினால், அவர் கூலிக்கே 19 புத்தகம் விற்றாக வேண்டும். வாடகை, மின்சாரம், கார்டு கமிஷன் எல்லாம் தனி. காபி மெஷின் அங்கே அலங்காரத்துக்காக நிற்கவில்லை. எழுத்தாளர் சந்திப்பும் வாசிப்பு வட்டமும்கூட இந்தக் கணக்கின் பக்கத்திலேயேதான் நடக்கின்றன. கடையைத் திறந்த புதிதில் யங்ஜு அழுதுகொண்டே உட்கார்ந்திருப்பதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

ஊர்ப் பெயரிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 'டோங்' என்றால் நகரத்துக்குள் ஒரு பேட்டை. 'ஹியூ' என்பது ஓய்வைக் குறிக்கும் சீன எழுத்து, மனிதனும் மரமும் சேர்ந்தது. அந்த எழுத்துக்காகவே யங்ஜு இந்தப் பேட்டையைத் தேர்ந்தெடுக்கிறாள். ஹியூநாம்-டோங் கற்பனை இடம், வரைபடத்தில் தேட வேண்டாம்.

குறையும் உண்டு. பாத்திரங்கள் பல இடங்களில் ஒரே குரலில் பேசுகிறார்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது பக்கத்தில் அது வாழ்க்கைத் தத்துவ வகுப்பாகிவிடுகிறது. ஒரே மூச்சில் படித்தால் இது நன்றாகவே உறுத்தும். அத்தியாயங்கள் சின்னவை, நாளுக்கு இரண்டோ மூன்றோ போதும். கதை எங்கே போகிறது என்று துரத்தாதீர்கள், அது எங்கேயும் போகாது.

ஷன்னா டானின் ஆங்கில மொழிபெயர்ப்பு தெளிவாக ஓடுகிறது. ஆனால் கொரிய மொழியில் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதிலேயே உறவின் தூரம் தெரியும். கடைக்காரரை 'சாஜங்நிம்' என்பார்கள், சமவயதுக்காரரைக்கூடப் பெயரோடு 'ஷி' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். ஆங்கிலத்தில் இது தட்டையாகிவிடும். நீ, நீங்க, அக்கா, சார் என்று அளந்து பேசிப் பழகிய நமக்கு, எந்த இடத்தில் யார் மரியாதையைக் குறைத்து நெருங்கியிருப்பார்கள் என்று ஊகித்துக்கொண்டே படிக்க முடியும்.

படிக்கத் தொடங்குமுன் ஒரு துண்டுச்சீட்டில் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்ஜுன் காபி போடுகிறவன், மின்சோல் பள்ளிக்கூடப் பையன். இருவரையும் குழப்பிக்கொண்டு பத்துப் பக்கம் திரும்பிப் போகாதவர்கள் குறைவு.