அவர் உங்களுக்கு யாரு?

ஒரு பிரபலம் இறந்தால் போதும், டைம்லைனில் இரண்டு கோஷ்டி கிளம்பிவிடும். ஒன்று அழும். இன்னொன்று, "அவர் என்ன உங்க மாமனா மச்சானா, எல்லையில சாகிற ஜவானுக்கு இப்படி அழுதீங்களா" என்று கேட்கும். நான் ரொம்ப காலம் இந்த இரண்டாவது கோஷ்டி. 2020 செப்டம்பர் 25 மதியம் வரைக்கும்.

எஸ்.பி.பி. போய்விட்டார் என்று டிவியில் ஓடியதும் ஹாலில் நின்றபடியே தேம்பித் தேம்பி அழுதேன். "ஏங்க, அவர் உங்களுக்கு யாரு?" என்று மனைவி பயந்துபோய்க் கேட்டாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நான் அழுது அவள் பார்த்ததில்லை, இரண்டு மாதம் முன்னால் சித்தப்பா இறந்தபோதுகூட.

கொரோனா ஊரடங்கில் ஊருக்குப் போக இ-பாஸ் கையில் வருவதற்குள் சித்தப்பாவை எடுத்துவிட்டார்கள். வாட்ஸ்அப் வீடியோவில்தான் பார்த்தேன். நெட்வொர்க் விட்டு விட்டு வந்ததில் அவர் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அரை மணி நேரத்தில் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன், வொர்க் ஃப்ரம் ஹோம்தானே.

எனக்கு எஸ்.பி.பி.யைக் காட்டியதே அந்த மனுஷன்தான். தாளில் பாட்டு லிஸ்ட் எழுதி, 90 நிமிஷ கேசட்டோடு ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, ஒரு பக்கத்துக்கு எத்தனை பாட்டு அடங்கும் என்று கடைக்காரரிடம் மல்லுக்கட்டுவார். அப்படியும் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடும். இன்றைக்கும் அந்தப் பாட்டு எங்கே ஒலித்தாலும் அந்த வரி வந்ததும் 'டப்' என்று நின்றுவிடும் என்று காது காத்திருக்கிறது.

ஊரில் இழவு வீட்டுப் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கும்போது செத்தவரில் ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் அவரவர் அம்மாவுக்கும் புருஷனுக்கும் தவறிப்போன பிள்ளைக்கும் போய்விடுவார்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த வருஷம் நமக்கு அப்படி உட்கார ஒரு திண்ணை இல்லை. எஸ்.பி.பி. ஆகஸ்ட் 5 அன்று லேசான அறிகுறிதான், கவலைப்பட வேண்டாம் என்று தானே வீடியோவில் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார், 20-ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் பாட்டைப் போட்டு ஊரே வேண்டிக்கொண்டது, அப்புறம் செப்டம்பர் முழுக்க அவர் உடல்நிலை பற்றிய செய்திக்காக ஐசியூ வாசலில் நிற்கிற சொந்தக்காரர்கள் மாதிரி காத்துக் கிடந்தோம்.

சரி, நான் அழுதது சித்தப்பாவுக்குத்தானா என்றால், அப்படிச் சொல்வது எஸ்.பி.பி.க்குச் செய்கிற துரோகம். பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பார்க்காமலே நட்பு என்று பிசிராந்தையாரை இழுப்பவர்கள் உண்டு. ஆனால் கோப்பெருஞ்சோழன் அவர் வருவார் என்று தன் பக்கத்தில் இடம் வைக்கச் சொன்னான். எஸ்.பி.பி.க்கு நான் ஒருத்தன் இருப்பதே தெரியாது.

போலி அழுகையும் உண்டுதான். இறந்தவரோடு எடுத்த போட்டோவில் தன் முகம் நன்றாக விழுந்ததைத் தேடிப் போடுகிறவர்கள், அஞ்சலிக்கு எந்த நடிகர் வந்தார் வரவில்லை என்று அட்டெண்டன்ஸ் எடுத்தவர்கள். இவர்களைப் பற்றி இவ்வளவு போதும்.

மறுநாள் தாமரைப்பாக்கத்தில் போலீஸ் மரியாதையோடு அடக்கம் நடந்ததை முழுசாகப் பார்த்தேன். முடிந்ததும் சித்திக்கு போன் போட்டேன். இரண்டு மாதமாக 'சாப்பிட்டீங்களா' தாண்டிப் பேசியதில்லை. அவரும் டிவி முன்னால்தான் இருந்தார்.

"உங்க சித்தப்பா இருந்திருந்தா நேத்துலேர்ந்து பச்சத் தண்ணி குடிச்சிருக்க மாட்டாருடா" என்றார். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம்.