அம்மாவின் சுங்கடியும் டி.எம்.எஸ். குரலும்

கட்டுரையில் சினிமா பாடல்களோடு ஒட்டிய நினைவுகளை எழுதியிருந்தீர்கள், அருமை. எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பாடகர் டி.எம். சௌந்தரராஜன் (டி.எம்.எஸ்.) பாடிய 'கற்பனை என்றாலும் கற்சிலை என்றாலும்' என்ற முருகன் பக்திப் பாட்டு. மதுரையில் எங்கள் தெருவில் சுங்கடிச் சேலைக்குச் சாயம் ஏற்றுமுன் முடிச்சுப் போடாத வீடே கிடையாது. அம்மா திண்ணையில் உட்கார்ந்து, துணியை நகத்தால் கிள்ளி நூலைச் சுற்றிக்கொண்டே இருப்பார். வானொலியில் இந்தப் பாட்டு வந்தால் மட்டும் கை நின்றுவிடும். "நம்ம ஊருப் புள்ளடா" என்பார். உண்மைதானே, டி.எம்.எஸ். 1922-ல் மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் தெருவுக்கே அதில் ஒரு பெருமை.

சினிமாவுக்கு வருமுன் கவிஞர் வாலி இந்தப் பாட்டை எழுதி, அஞ்சலட்டையில் டி.எம்.எஸ்.ஸுக்கு அனுப்பினாராம். பின்னாளில் இதைச் சொன்னபோது அம்மா நம்பவே இல்லை. ஒரு கார்டுக்குள் முருகனையே அடக்கிவிட்டாரே என்று எனக்கு இன்னும் வியப்புதான்.

'கந்தனே உனை மறவேன்' என்று டி.எம்.எஸ். குரல் எழும்போது இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கும். அம்மா போன பிறகு சில வருடம் இந்தப் பாட்டைக் கேட்கவே முடியவில்லை. இப்போது செவ்வாய்க்கிழமை காலையில் நானே போடுகிறேன், மகளும் கூடப் பாடுகிறாள். அடுத்த கட்டுரையில் பக்திப் பாடல்களையும் எழுதுங்கள் ஐயா, மதுரைக்காரர்கள் நிறையப் பேர் காத்திருப்போம்.