தோற்றவர் அடுத்த முறை ஜெயிக்க முடியுமா?

எண்பது பேர் விரும்புவதை இருபது பேர் தடுப்பது என்ன ஜனநாயகம்? கிரேக்கரும் துருக்கியருமாகப் பிரிந்து கிடக்கும் சைப்ரஸ் தீவை ஒன்றாக்கும் பேச்சுவார்த்தை பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் யாராவது இதைக் கேட்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒப்புதல் இல்லை.

பெரும்பான்மை ஆட்சிக்கு நாம் கட்டுப்படுவது, இன்று தோற்றவர் நாளை ஜெயிக்கலாம் என்ற நம்பிக்கையில்தான். வரி, வீட்டு விலை, பேருந்துக் கட்டணம் என்றால் ஜனங்களின் மனம் மாறும், ஆட்சியும் மாறும். மொழியும் மதமுமே கட்சியாகிவிட்டால்? பிறக்கும்போதே தேர்தல் முடிவு தெரிந்துவிடுகிறது. இலங்கையில் 1956-இல் வந்த தனிச் சிங்களச் சட்டமும் நாடாளுமன்றத்தில் வாக்கெடுத்து, பெரும்பான்மையோடு நிறைவேறியதுதான். அதற்குப் பிறகு நடந்ததை இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே அதிகாரப் பகிர்வு வேண்டும். எந்த மாதிரிப் பகிர்வு என்பதில்தான் சிக்கல்.

1960-இல் சைப்ரஸ் சுதந்திரம் பெற்றபோது எழுதிய அரசமைப்பைப் பாருங்கள். அதிபர் கிரேக்கர், துணை அதிபர் துருக்கியர். அமைச்சரவையில் ஏழு கிரேக்கர், மூன்று துருக்கியர். அரசு வேலையில் 70:30, ராணுவத்தில் 60:40. மக்கள்தொகையில் துருக்கியர் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதால் இதுவே கிரேக்கர்களுக்கு உறுத்தியது. வெளியுறவிலும் பாதுகாப்பிலும் இரு தலைவர்களுக்கும் தடை அதிகாரம். வரிச் சட்டம் என்றால் இரு சமூக உறுப்பினர்களும் தனித்தனியே பெரும்பான்மை தர வேண்டும். 70:30 சரியாக அமலாகவில்லை என்ற கோபத்தில் 1961-இல் துருக்கிய உறுப்பினர்கள் வரி மசோதாவையே நிறுத்தினார்கள். 1963 நவம்பரில் அதிபர் மக்காரியோஸ் பதின்மூன்று திருத்தங்களை முன்வைத்தார். தடை அதிகாரத்தை எடுத்துவிடுவதும் அதில் ஒன்று. டிசம்பரில் ரத்தக்களறி. 1974-இல் கிரேக்க நாட்டு ராணுவ ஆட்சியின் துணையோடு நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு, உடனே துருக்கியப் படையெடுப்பு. தீவு இரண்டானது.

தடை அதிகாரம்தான் நாட்டைக் கெடுத்தது என்று பலர் முடித்துவிடுகிறார்கள். என் கணக்கு வேறு. கிரேக்கர் கிரேக்கருக்கும் துருக்கியர் துருக்கியருக்கும் மட்டுமே வாக்களித்தார்கள். அந்தப் பக்கத்தின் மனம் நொந்தால் இந்தப் பக்கத்துத் தலைவருக்கு ஒரு வாக்குகூடக் குறையாது. இன்னும் சொன்னால் கூடும்! அப்படிப்பட்டவர்கள் கையில் பூட்டைக் கொடுத்தால் பூட்டத்தான் செய்வார்கள்.

பெல்ஜியத்திலும் இந்த நோய் கொஞ்சம் உண்டு. டச்சு பேசுவோர் அங்கே அறுபது விழுக்காடு அளவுக்கு இருந்தும், பிரதமரை விட்டுவிட்டால் மத்திய அமைச்சரவையில் இரு மொழியினருக்கும் சம எண்ணிக்கை. பெரும்பான்மை அதை ஏற்றுக்கொண்டது பெரிய விஷயம். ஆனால் பிரஸ்ஸல்ஸ் தவிர மற்ற இடங்களில் அவரவர் மொழிக் கட்சிக்குத்தான் வாக்கு. 2010-11-இல் அரசாங்கம் அமைக்க 541 நாள் ஆனது.

இங்கேதான் சிங்கப்பூரில் நம் குழுத்தொகுதி நினைவுக்கு வருகிறது. வேட்பாளர்கள் தனித்தனியாக இல்லாமல் அணியாகப் போட்டியிடும் தொகுதி அது. 1988-இல் கொண்டு வந்தார்கள். அணியில் குறைந்தது ஒருவர் சிறுபான்மையினர். ஜெயித்தால் எல்லோரும் உள்ளே, தோற்றால் எல்லோரும் வெளியே. சின்னக் கட்சிகளுக்கு இது சுமை என்ற குறை எனக்கும் உண்டு, அதை மறைக்கவில்லை. நம்முடையது இரு சமூகக் கூட்டாட்சியும் இல்லை. மலேசியக் கூட்டரசிலிருந்து 1965-இல் பிரிந்து வந்தவர்கள் நாம். ஆனாலும் சீன வேட்பாளர் மலாய்க்காரர் வீட்டுக் கதவையும் தமிழர் வீட்டுக் கதவையும் தட்டியாக வேண்டும் என்பது சும்மா இல்லை. இனவாதமாக ஒருவர் ஒரு வார்த்தை பேசினால், அவரோடு அணியில் நிற்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து வாக்கு குறையும்.

சைப்ரஸிலும் இதை யோசித்திருக்கிறார்கள். 2008-க்குப் பிறகு கிரேக்கர் தரப்புத் தலைவர் கிறிஸ்டோஃபியாஸும் துருக்கியர் தரப்புத் தலைவர் தலாத்தும் பேசியபோது, அதிபர் பதவி இரு சமூகத்துக்கும் மாறி மாறி வரும், ஒரு பக்கத்து வேட்பாளருக்கு மறுபக்கமும் ஓரளவு எடையோடு வாக்களிக்கும் என்ற யோசனை மேசைக்கு வந்தது. எனக்குத் தெரிந்து அந்தத் தீவுக்கு வந்த யோசனைகளில் இதுதான் உருப்படியானது. தடை அதிகாரத்தை வைத்துக்கொள்ளட்டும், ஆனால் இதையும் சேர்த்து வைக்கட்டும். "நம் தலைவரை அவர்கள் வாக்கு தீர்மானிப்பதா?" என்று எதிர்ப்பவர்கள் கேட்கிறார்கள். ஆமாம், கொஞ்சம் தீர்மானிக்கட்டும். அதற்குத்தானே இந்த ஏற்பாடே!