காத்திருப்பதும் எதிர்பார்ப்பதும் ஒன்றல்ல

"ஆங்கிலத்தில் வெயிட் (wait), எக்ஸ்பெக்ட் (expect), அவெயிட் (await) மூன்றுக்கும் ஒரே பொருள்தான், எதை எழுதினாலும் சரி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் இதை வாசிக்கிறார்கள். தயவுசெய்து அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எக்ஸ்பெக்ட் மனத்தின் வேலை. ஒன்று நடக்கும் என்று நம்புவது. வெயிட் என்பது அது நடக்கும்வரை நேரத்தைக் கொடுத்து நிற்பது. 2009இல் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் முன், துறையில் பாதைக்காக, அதாவது அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவைக்காக, நின்றவர்களுக்கு இது உடனே புரியும். எட்டு மணிக்கு வந்துவிடும் என்று நினைத்தது எக்ஸ்பெக்ட். ஒன்பதரை வரை வெயிலில் குடையோடு நின்றது வெயிட். மாலையில் வரப்போகும் விருந்தாளியை அடுப்படியில் சமைத்துக்கொண்டே எக்ஸ்பெக்ட் செய்யலாம். வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. தமிழில் "உங்களை எதிர்பார்த்து நின்றேன்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

அவெயிட்டும் காத்திருப்பதுதான், ஆனால் பெரும்பாலும் கடிதத்துக்குரிய சொல். அதன் பின்னால் 'ஃபோர்' (for) வராது. எதற்காக என்று சொல்லும்போது வெயிட்டுக்கு அது கட்டாயம்.

திருகோணமலையில் என்னிடம் படிக்கும் தங்கை ஒருத்தி வேலை விண்ணப்பத்தை "ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை" என்று முடித்திருந்தாள். பணிவாக எழுதியதாகவே நினைத்திருந்தாள், பாவம். வாசிப்பவருக்கு அது "பதில் தந்தே ஆகவேண்டும்" என்பதுபோல் ஒலிக்கும். "ஐ லுக் ஃபோர்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ" என்று மாற்றிக் கொடுத்தேன். அங்கே 'ஹியர்' அல்ல, 'ஹியரிங்' என்பதையும் கவனியுங்கள்.