முப்பதுக்குள் வீடு வாங்கச் சொல்லும் மகான்களே, ஒரு பேனாவும் தாளும் எடுங்கள்

"வயசு முப்பத்தஞ்சு ஆச்சு, இன்னும் வாடகை வீடுதானா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்துவிடுகிறார்கள். கேட்பவர் யாரும் கணக்குப் போட்டுவிட்டுக் கேட்பதில்லை. முதல் வீடு வாங்கும் வயது என்பது ஒருவருடைய பொறுப்புணர்வுக்குப் போடும் மார்க் அல்ல. வீட்டு விலை ஆண்டுச் சம்பளத்தைப்போல் எத்தனை மடங்கு, அதில் கையிலிருந்து வைக்க வேண்டியது எவ்வளவு, சம்பளத்தில் எத்தனை சதவீதம் மிஞ்சுகிறது. இந்த மூன்றையும் சொன்னால் வயது தானாக வந்து விழும்.

போட்டுப் பார்ப்போமா? விலை ஆண்டுச் சம்பளத்தைப்போல் 5 மடங்கு என்று வையுங்கள். கடன் கொடுப்பவர் 80% தருகிறார். மீதி 20%, அதாவது ஒரு முழு ஆண்டுச் சம்பளம், நம் கையிலிருந்து வைக்க வேண்டிய முன்பணம். வாடகை, சாப்பாடு, பெற்றோர், பிள்ளைகள் எல்லாம் போக 10% மிச்சம் பிடித்தால் 10 ஆண்டு. இருபத்தைந்தில் வேலைக்குப் போனவருக்கு முப்பத்தைந்து. விலை 10 மடங்காக இருக்கிற ஊரில் அதே ஆள், அதே சிக்கனம், நாற்பத்தைந்து! அவர் என்ன சோம்பேறியாகிவிட்டாரா நடுவில்?

இதுவும் விலை, சம்பளம், சேமிப்பு மூன்றும் ஒரே வேகத்தில் வளர்ந்தால்தான். சம்பளம் ஆண்டுக்கு 4%, விலை 7% ஏறினால், இன்று 5 மடங்காக இருக்கும் வீடு 10 ஆண்டில் 6.6 மடங்காகிவிடும். ஓடுகிறவன் பக்கத்தில் போகப் போக எல்லைக்கோட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுகிறார்கள். அப்புறம் "ஏன் மெதுவா ஓடுற?" என்று கேள்வி வேறு.

அந்த 20% என்பதே பாதி உண்மை. பேசி முடித்த விலை 100, கடன் கொடுப்பவரின் மதிப்பீட்டாளர் போட்ட மதிப்பு 90 என்றால், பல இடங்களில் 80% என்பது இரண்டில் குறைவான தொகைக்குத்தான். 90-க்கு 80% என்றால் 72. கையிலிருந்து வைக்க வேண்டியது 20 அல்ல, 28. இது பெரும்பாலும் அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் போட்ட பிறகுதான் தெரிய வரும். அப்போது பின்வாங்கினால் அட்வான்ஸ் போகும். அதனால் அவசரத்துக்குத் தனிநபர் கடன், நகைக் கடன், நண்பரிடம் கைமாற்று. பத்திரச் செலவு, பதிவுக் கட்டணம், வக்கீல், செயல்பாட்டுக் கட்டணம் எல்லாம் தனி. இவற்றைப் பெரும்பாலும் வீட்டுக் கடனில் சேர்க்க மாட்டார்கள். இத்தனையும் கொடுத்த பிறகு ஆறு மாதத் தவணைக்காவது பணம் தனியாக இருக்க வேண்டும். அது இல்லாமல் குடியேறுகிறவர் ஒரு வேலையிழப்பில் வீட்டையும் சேர்த்து இழப்பார்.

"வெளியில டீ, காபி குடிக்கிறத நிறுத்து, வீடு வந்துடும்" என்று ஒரு கூட்டம் இருக்கிறது. சரி, ஒரு கோப்பையின் விலை மாதச் சம்பளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைப்போம். தினமும் ஒன்றை நிறுத்தினால் சம்பளத்தில் 3% மிச்சம். முன்பணம் ஒரு ஆண்டுச் சம்பளம் என்றால், டீயை விட்டே அதைச் சேர்க்க 33 ஆண்டு ஆகும். அறிவுரை சொன்னவர் அதுவரை உயிரோடு இருந்து கிரகப்பிரவேசத்துக்கு வரட்டும்.

அடுத்த பாட்டு இது: "எங்க காலத்துல வட்டி என்னன்னு தெரியுமா? நாங்க கட்டலையா?" கட்டினீர்கள், மறுக்கவில்லை. அமெரிக்காவில் 1981 அக்டோபரில் 30 ஆண்டு வீட்டுக் கடனுக்கு வட்டி 18 சதவீதத்தைத் தாண்டியது உண்மைதான். 18 சதவீதத்தில் 1 லட்சம் கடனுக்கு 30 ஆண்டுத் தவணை மாதம் 1,507. இன்று வட்டி 8 சதவீதம், வீட்டு விலை இரட்டிப்பு, அதனால் கடன் 2 லட்சம் என்று வையுங்கள்: தவணை 1,468. தவணை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இரண்டும் ஒரே சுமை அல்ல. முதலாமவர் வைத்த முன்பணம் இரண்டாமவர் வைப்பதில் பாதி. அதைவிடப் பெரிய விஷயம், வட்டி இறங்கியதும் முதலாமவர் கடனை மாற்றிக்கொள்ளலாம். அங்கே 1993-ல் வட்டி 7 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. மாற்றியவர்களின் தவணை பாதிக்கும் கீழே போயிருக்கும். அதிக வட்டியிலிருந்து தப்ப வழி உண்டு. அதிக விலைக்கு வாங்கிய அசலை எந்த வங்கிக்கு மாற்றினாலும் அசல் அசல்தான். இதைச் சொன்னால் பெரியவர்களுக்குக் கோபம் வருகிறது.

செய்தியில் வரும் "சராசரி வயது" இன்னொரு தலைவலி. அமெரிக்காவின் வீட்டுத் தரகர்கள் சங்கமான நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ரியல்டர்ஸ் ஆய்வில், முதல் வீடு வாங்குபவரின் இடைநிலை வயது (வயது வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவரின் வயது) 1981-ல் 29, 2025-ல் 40. பதறவைக்கும் எண்தான். ஆனால் இப்படிப்பட்ட கணக்கெல்லாம் வாங்கியவர்களை மட்டுமே எண்ணும். வாங்கவே முடியாதவர் அதில் இல்லை. இளையவர்கள் வரிசையிலிருந்தே விலகிவிட்டால், ஒருவர்கூடத் தாமதமாக வாங்காமலேயே அந்த எண் ஏறும். அப்பா கொடுத்த பணத்தில் 26 வயதில் வாங்கியவரும், தானே சேர்த்து 41-ல் வாங்கியவரும் ஒரே பட்டியலில்தான் நிற்கிறார்கள். யார் பணம் என்று கேட்காமல் வயதை மட்டும் ஒப்பிட்டு என்ன பயன்?

சரி, பேச்சுக்குப் பயந்து 28 வயதில் வாங்கிவிட்டார் என்று வையுங்கள். முன்பணம் குறைவு, அதனால் பெரிய கடன், அதனால் 30 ஆண்டு. இதைத்தான் புத்திசாலித்தனம் என்று விற்கிறார்கள். 8 சதவீதத்தில் 1 லட்சத்துக்குத் தவணை 734. முதல் மாதம் அதில் 667 வட்டிக்குப் போகிறது, அசலில் குறைவது 67. ஐந்து ஆண்டில் கட்டிய மொத்தம் சுமார் 44,000, அசல் குறைந்தது சுமார் 4,900! பாதி அசல் தீர 22 ஆண்டு தாண்ட வேண்டும். ஐந்தாம் ஆண்டில் வேறு ஊரில் வேலை கிடைத்து விற்க நேர்ந்தால், விலை ஏறியிருந்தால் ஒழிய, பதிவுச் செலவும் தரகும் கையைக் கடித்துவிட்டுப் போகும். ஒரே ஊரில் ஏழெட்டு ஆண்டு இருப்போமா என்று தெரியாத வயதில் வாங்குவது சீக்கிரம் அல்ல, அவசரம்.

மாறும் வட்டியில் எடுத்தவர்களுக்கு இதைவிட மோசம். 7 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு 1 லட்சம், தவணை 775. எடுத்த கையோடு வட்டி 9% ஆகிறது. "தவணை மாறாது, கவலைப்படாதீங்க" என்று இனிக்க இனிக்கச் சொல்வார்கள். தவணை மாறாது, காலம் மாறும். 20 ஆண்டு 38 ஆண்டாகும். 9.5% ஆனால் மாத வட்டியே 792, தவணையைவிட அதிகம். கட்டக் கட்டக் கடன் ஏறும். வட்டி ஏறும்போது காலத்தை நீட்டாமல் தவணையை உயர்த்தச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். கடன் கொடுத்தவர் தாமாகப் பெரும்பாலும் செய்ய மாட்டார், அவருக்கு நஷ்டமா என்ன?

நாற்பதைத் தாண்டி வாங்குவதில் சிக்கலே இல்லை என்று சொல்லவில்லை. ஓய்வு வயதுக்குள் கடனை முடிக்கச் சொல்வார்கள். அதே 8 சதவீதத்தில் மாதம் 1,000 கட்ட முடிந்தவருக்கு 30 ஆண்டென்றால் 1,36,000 கிடைக்கும், 15 ஆண்டென்றால் 1,05,000-தான். ஆனால் அதற்குள் முன்பணம் கூடியிருக்கும், எந்த ஊரில் இருக்கப்போகிறோம் என்று தெரிந்திருக்கும். கட்டும் வட்டியைப் பாருங்கள்: 30 ஆண்டில் 1 லட்சத்துக்கு 1,64,000, 15 ஆண்டில் 72,000. "காலம் தாழ்த்தி நஷ்டப்பட்டான்" என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்ததில்லை.

ஏற்கெனவே நீண்ட கடனில் சிக்கியவர்கள் ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால், அதே 8 சதவீதத்தில் 30 ஆண்டு சுமார் 23 ஆகும், 20 ஆண்டு சுமார் 17 ஆகும். கட்டும்போது "அசலில் கழிக்கவும், காலத்தைக் குறைக்கவும்" என்று எழுத்தில் கொடுங்கள். சொல்லாவிட்டால் அடுத்த மாதத் தவணைக்கு முன்கூட்டிக் கட்டியதாக வரவு வைத்துவிடும் இடங்களும் உண்டு. மறுமாதமே கடன் அறிக்கையை வாங்கி, கட்டிய அதே தேதியில் அசல் இறங்கியிருக்கிறதா, கடைசித் தவணையின் தேதி முன்னால் வந்திருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். வரவில்லையென்றால், திருத்திய அட்டவணை கைக்கு வரும்வரை வங்கி நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.