அமுக்கம் குறைஞ்சால் கணக்கும் மாறும்

தம்பி, ‘எபாநெட்டில ஓட்டிப் பார்த்தன், கடைசி வீட்டுக்கும் முழுத்தண்ணி போகுது’ எண்டு எழுதியிருக்கிறீங்கள். குழாய்வலையில தண்ணி ஓடுறதைக் கணக்கிடுற அந்த மென்பொருள், நீங்கள் குடுத்த தண்ணித் தேவையைத்தான் திருப்பிக் காட்டுது. வழமையான முறையில அமுக்கம் மறைப் பெறுமானத்துக்குப் போனாலும் கேட்ட தண்ணி முழுக்க எடுபட்டதாகவே கணக்கு வரும். அமுக்க நிரலை ஒருக்கால் பாருங்கோ.

2020இல் வந்த எபாநெட் 2.2 பதிப்பில அமுக்கத்துக்கு ஏற்பத் தேவையைக் குறைக்கிற தெரிவு இருக்கு. அந்தச் சமன்பாட்டின்ர அடுக்குச் சுட்டி 0.5, தண்ணி வரத் தொடங்குற இழிவு அமுக்கம் பூச்சியம் எண்டால், முழுத்தண்ணிக்கு வேண்டிய அமுக்கத்தில கால்வாசி உள்ள இடத்தில பாதித் தண்ணிதான் வரும்.

யாழ்ப்பாணம் தட்டை நிலம் வேற. முற்றத்து நிலத்தாங்கி குறைஞ்ச அமுக்கத்திலயும் இரவிரவா நிரம்பும், கூரைத்தாங்கிக்குச் சொட்டும் ஏறாது. ரெண்டையும் ஒரே கணுவில (வலையில தண்ணி எடுபடுற புள்ளியில) போடாதேங்கோ.